முகமூடி அணிந்த ஈடிபஸைத் திரையில் பார்ப்பவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?

உங்கள் கல்லூரி நாடக மன்றத்தில் இயக்குநர் டைரோன் கத்ரியின் 'ஈடிபஸ் மன்னன்' படத்தைத் திரையிட்டபோது நடந்தவற்றை எழுதியிருக்கிறீர்கள். முதல் முகமூடி தோன்றியதுமே பின்வரிசையில் சிரிப்பு எழுந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் சிலர் எழுந்து போயிருக்கிறார்கள். 'வானொலி நாடகத்துக்குப் படம் ஒட்டியது போல இருக்கிறது' என்று ஒரு மாணவரும், 'கண்ணைக் குத்திக்கொள்ளும் இடத்தையே காட்டாமல் வாயால் சொல்லி முடித்துவிட்டார்களே' என்று இன்னொருவரும் குறைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கடைசிக் காட்சியில் இரண்டு மாணவிகள் கண்கலங்கியிருக்கிறார்கள். இவர்களில் யார் படத்தைச் சரியாகப் பார்த்தவர்கள், தோற்றது படமா பார்வையாளர்களா என்பது உங்கள் கேள்வி. இந்த எதிர்வினைகள் எல்லாமே நேர்மையானவை, எல்லாமே படத்தில் உண்மையாகவே உள்ள ஒன்றைத் தொட்டிருக்கின்றன என்பது என் கருத்து. அவற்றில் மிகுதியாக விளக்கம் தேவைப்படுவது அந்தச் சிரிப்புதான்.

படத்தின் பின்னணியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலம் பழைய கிரேக்கக் கவிஞர் சோஃபக்ளீஸின் சோகநாடகம். தன்னை அறியாமலே தந்தையைக் கொன்று தாய் ஜொகாஸ்டாவை மணந்த மன்னன் ஈடிபஸ், உண்மையைத் தானே கண்டுபிடித்துத் தன் கண்களைக் குத்திக்கொள்ளும் கதை அது. கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக விழாவுக்காகக் கத்ரி 1954இல் இந்த நாடகத்தை மேடையேற்றினார். அப்போது ஈடிபஸாக நடித்தவர் ஜேம்ஸ் மேசன். அடுத்த ஆண்டு அந்தப் பாத்திரத்தை டக்ளஸ் கேம்பெல் ஏற்றார். 1957இல் வெளிவந்த படத்தில் இருப்பவரும் அவரே. பேசப்படும் வடிவம் அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் டப்ளினின் ஆபி அரங்குக்காக எழுதி 1926இல் அரங்கேறியது. வசனங்கள் இறுக்கமான உரைநடையிலும், ஊராரின் குரலாகச் சேர்ந்து பாடும் குழுவான கோரஸின் பகுதிகள் செய்யுளிலும் அமைந்தவை. முகமூடிகளையும் உடைகளையும் வடிவமைத்தவர் தான்யா மொய்சேவிச். மன்னனுக்குப் பொன் நிறம், ஜொகாஸ்டாவுக்கு வெள்ளி, குருட்டுத் தீர்க்கதரிசி டைரேசியஸுக்குப் பறவையை நினைவூட்டும் வெளுத்த முகம். சோகநாடகத்தைக் கத்ரி ஒரு சடங்காகவே கருதினார். பாதிரியார் திருப்பலியில் கிறிஸ்துவைப் போல நடிப்பதில்லை. அவர் செய்த செயலை மீண்டும் நிகழ்த்துகிறார். அதுபோல ஈடிபஸை ஏற்கும் நடிகரும் ஒரு தனிமனிதனை உயிரோட்டமாகப் பாவனை செய்ய வேண்டியதில்லை, ஒரு பலியை மீண்டும் நிகழ்த்தினால் போதும் என்பது அவருடைய எண்ணம். சடங்கில் முகபாவம் தேவையற்றது என்பதால் முகமூடி வந்தது.

மேடையில் இந்த எண்ணம் செல்லுபடியானதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்ட்ராட்ஃபோர்டின் மேடை பார்வையாளர்கள் நடுவே நீண்டு வந்திருப்பது. மூன்று பக்கமும் மக்கள் அமர்ந்திருப்பார்கள். முகமூடி அணிந்த அரசனுக்கு அப்பால் எதிர்ப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான மனித முகங்கள் மங்கலாகத் தெரியும். அரசனின் முகம் அசையாமல் இருக்க, அவனைப் பார்ப்பவர்களின் முகங்கள் அசைந்துகொண்டிருக்கும். படமோ பார்வையாளர்கள் இல்லாத படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டது. அரசனுக்குப் பின்னால் இருட்டும் கோரஸும் மட்டுமே இருக்கின்றன. சடங்கு அப்படியே இருக்கிறது, அதற்குக் கூடிய சபைதான் காணாமல் போய்விட்டது. உங்கள் மாணவர்கள் சிரிக்கத் தொடங்கிய இடம் இதுவே என்று நினைக்கிறேன்.

தொலைவும் இதில் சேர்கிறது. கிரேக்க அரங்கின் முகமூடி விரைப்பாக்கிய துணி போன்ற இலேசான பொருட்களால் ஆனது. தலைமுடியோடு சேர்த்துத் தலை முழுவதையும் மூடுவது. ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், வசந்தகால டயோனிசஸ் விழாவில், பட்டப்பகலில் நாடகம் நடந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுந்து இன்றும் நாடகம் நடக்கும் எபிடாரஸ் அரங்கில் 55 வரிசைகள் இருக்கின்றன. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் அமரலாம். அதன் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு நடிகரின் புருவமோ உதடோ எப்படியும் தெரியாது. முகமூடி அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. தெரியாமல் போயிருக்கக்கூடிய ஒரு முகத்தைத் தெரியும்படி செய்தது. தலையைத் தாழ்த்தினால் துயரம், நிமிர்த்தினால் சீற்றம் என்று சாய்வையும் நிழலையும் கொண்டே அது பேசியது. அதே பொருளைக் கேமராவுக்கு இரண்டடி முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? வண்ணப்பூச்சும் விளிம்பும் வாய்த்துளைக்குப் பின்னால் அசையும் உதடும் தெரிகின்றன. நெருக்கக் காட்சி என்றால் ஓர் உள்ளம் திறக்கப்போகிறது என்று எதிர்பார்க்கத் திரைப்படம் நம் எல்லோரையும் பழக்கியிருக்கிறது. அந்த இடத்தில் அசையாத முகம் ஒன்று கிடைக்கும்போது எதிர்பார்ப்பு தடுக்கி விழுகிறது. தடுக்கி விழுந்த எதிர்பார்ப்பு இயல்பாகவே சிரிப்பாக வெளிவருகிறது. ஆகவே அந்தச் சிரிப்பை அறியாமை என்றோ அவமரியாதை என்றோ எண்ணி அவர்களைக் கண்டிக்க வேண்டாம்.

பழைய ஏதென்ஸ் மக்கள் சோகநாடகத்தைக் கோயிலில் நிற்பது போல அமைதியாகப் பார்த்தார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. கி.மு. 408இல் யூரிப்பிடீஸின் 'ஒரெஸ்டீஸ்' நாடகத்தில் ஹெகலோக்கஸ் என்ற நடிகர் ஓர் உச்சரிப்பில் தவறினார். புயலுக்குப் பின் அமைதியான கடலைக் காண்கிறேன் என்று சொல்ல வேண்டிய வரி, கீரி போன்ற ஒரு சிறு விலங்கைக் காண்கிறேன் என்பதாக ஒலித்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து எழுதிய 'தவளைகள்' நாடகத்தில் நகைச்சுவைக் கவிஞர் அரிஸ்டோஃபனீஸ் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார் என்றால், அன்றைய சிரிப்பு ஊர் மறக்காத சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். கார்சினஸ் என்ற கவிஞரின் நாடகம் ஒன்று, படிக்கும்போது கண்ணில் படாத ஒரு முரண்பாடு மேடையில் வெளிப்பட்டதால், பார்வையாளர்களின் எரிச்சலுக்கு ஆளாகித் தோற்றது என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். இளமையில் நடிகராக இருந்த அரசியல் எதிரி எஸ்கினீஸைப் பார்த்து, 'நீ மேடையிலிருந்து விரட்டப்பட்டாய், நான் சீட்டியடித்துக்கொண்டிருந்தேன்' என்ற பொருளில் சொற்பொழிவாளர் டெமாஸ்தனீஸ் நீதிமன்றத்திலேயே பேசினார். ஆக, சிரிப்பதும் சீட்டியடிப்பதும் எழுந்து போவதும் அந்த மண்ணிலேயே இருந்தவை.

அழுகையும் அங்கே எப்போதும் பாராட்டாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. கி.மு. 494இல் ஏதென்ஸுக்கு உறவான கிரேக்க நகரம் மிலீட்டஸைப் பாரசீகர்கள் அழித்தார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் ஃப்ரினிக்கஸ் என்ற கவிஞர் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. அழுத மக்கள் கவிஞருக்கு மாலை போடவில்லை. சொந்தத் துயரத்தைக் கிளறிவிட்டார் என்று 1,000 டிராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் மேடையேற்றக்கூடாது என்று ஆணையிட்டார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். மிக அண்மையில் நடந்த துயரத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. எஞ்சியிருக்கும் சோகநாடகங்கள் ஏறக்குறைய எல்லாமே பழங்கதைகளிலிருந்து பிறந்தவை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முகமூடியும் பழங்கதையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. துயரத்தைப் பார்க்கக்கூடிய தொலைவில் நிறுத்துகின்றன.

இந்த வாதத்தை நம் காலத்தில் மிக உறுதியாக முன்வைத்தவர் ஆங்கில இயக்குநர் பீட்டர் ஹால். 1981இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் எஸ்கைலஸின் 'ஒரெஸ்டீயா' முத்தொகுதியை முழுக்க ஆண் நடிகர்களைக் கொண்டும் முழுக்க முகமூடிகளோடும் அவர் மேடையேற்றினார். டோனி ஹாரிசனின் செய்யுள், ஹாரிசன் பர்ட்விசிலின் இசை, ஜோஸ்லின் ஹெர்பர்ட்டின் முகமூடிகள். மகளைப் பலிகொடுத்த தந்தை, கணவனைக் கொன்ற மனைவி, தாயைக் கொன்ற மகன் என்று அடுக்கடுக்காக வரும் இந்த வேதனையை வெறும் முகத்தால் கத்தி அழுது காட்டினால் நாம் கண்ணைத் திருப்பிக்கொள்வோம், முகமூடி காட்டும்போது தொடர்ந்து பார்ப்போம், கேட்போம் என்பது அவருடைய வாதம். மேடையில் அதைப் பார்த்தவர்களிடையே அன்றே இரண்டு கட்சிகள் இருந்தன. சொற்கள் முகமூடிக்குள் அமுங்குகின்றன, கோரஸில் யார் பேசுகிறார் என்றே தெரியவில்லை, பெண்களின் வழக்கைப் பேசும் நாடகத்தில் பெண்ணே இல்லை என்று ஒரு சாரார் சொன்னார்கள். இதுவரை கண்டிராத அனுபவம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். 1982இல் எபிடாரஸிலும் நிகழ்த்தப்பட்ட இதன் பதிவைச் சேனல் 4 தொலைக்காட்சி 1983இல் ஒளிபரப்பியது. எபிடாரஸின் மலைச்சரிவுக்குக் கொண்டுபோன அதே முகங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் வந்து அமர்ந்தன. எனக்கு அந்தத் தயாரிப்பின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் தனியாக அமர்ந்து பதிவைப் பார்ப்பவர் முதல் ஒரு மணி நேரம் திணறுவது அவருடைய குற்றமல்ல என்றே சொல்வேன்.

இனி வானொலி என்று சொன்ன மாணவருக்கு வருகிறேன். அவர் குறையாகச் சொன்னது படத்தின் பெரும்பலம் என்பது என் எண்ணம். ஈடிபஸின் கதையைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்பவரும் நடுங்கி இரங்கும்படி கதைப்பின்னல் அமைய வேண்டும், காட்சியமைப்பால் அந்த விளைவை உண்டாக்குவது கலைத்திறத்தில் தாழ்ந்தது என்று அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் எழுதியிருக்கிறார். கிரேக்கச் சோகநாடகத்தில் கொலையும் தற்கொலையும் பெரும்பாலும் கதவுக்குப் பின்னால் நடக்கும். ஒரு தூதன் வெளியே வந்து சொல்வான். கண்ணைக் குத்தும் காட்சியைக் காணோம் என்று வருந்திய மாணவரிடம் அந்தத் தூதன் உரையை மட்டும் மீண்டும் ஒருமுறை ஒலிக்கவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்ட ஜொகாஸ்டா, கதவை இடித்துத் திறக்கும் ஈடிபஸ், தூக்கில் தொங்கும் உடலை இறக்கிக் கிடத்துவது, அவளுடைய ஆடையில் குத்தியிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் மீண்டும் மீண்டும் குத்திக்கொள்வது, தாடி நனைய வழியும் இரத்தம் என்று ஒவ்வொன்றும் வரிசையாக வருகின்றன. திரையில் மூன்று விநாடியில் முடிந்துபோகும் செயலை இந்த உரை நிமிடக்கணக்கில் நீட்டுகிறது. காட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். சொல்லும்போது காதை மூடிக்கொள்ள யாரும் நினைப்பதில்லை.

இந்தப் படத்தில் அந்தத் தூதனாக வருபவர் டக்ளஸ் ரெயின். இதே ரெயின்தான் 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் ஹால் என்ற கணினிக்குக் குரல் கொடுத்தவர். முகமே இல்லாத ஒரு பாத்திரத்தைக் குரலால் மட்டுமே உலகம் முழுவதும் அஞ்சவைத்த நடிகர், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு முகமூடிக்குள்ளிருந்து அதே வேலையைச் செய்திருக்கிறார். கோரஸில் இளம் வில்லியம் ஷாட்னரும் இருக்கிறார்; 'ஸ்டார் டிரெக்' வழியாக அவரை அறிந்து தேடிவருபவர்கள் எந்த முகமூடி அவர் என்று கண்டுபிடிக்க முடியாமல் ஏமாறுவதுண்டு. அவர்களும் சற்று நேரத்தில் முகத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் குரல்களைக் கேட்கத் தொடங்கினால், படம் அவர்களுக்குத் திறந்துகொள்ளும்.

முகமூடிக்குள் உணர்ச்சி வற்றிவிடும் என்ற ஐயத்துக்குப் பழைய செய்தி ஒன்றே பதிலாக இருக்கிறது. போலஸ் என்ற புகழ்பெற்ற நடிகர், மகனை இழந்து துக்கம் காத்தபின் மேடைக்குத் திரும்பியபோது சோஃபக்ளீஸின் 'எலெக்ட்ரா'வில் நடித்தார். தம்பியின் அஸ்தி என்று நம்பி எலெக்ட்ரா ஒரு கலசத்தை மார்போடு அணைத்து அழும் காட்சியில், தன் சொந்த மகனின் அஸ்திக் கலசத்தையே கல்லறையிலிருந்து எடுத்துவந்து கையில் ஏந்தினாராம். ரோமானிய எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ் இதைப் பதிவுசெய்திருக்கிறார். பார்வையாளர்களுக்கு அவருடைய கண்ணீர் தெரிந்திருக்க வழியில்லை, ஒரு பெண்ணின் முகமூடிக்குப் பின்னால் இருந்தார். குரலும், கலசத்தைப் பிடித்திருந்த விரல்களும் மட்டுமே வெளியில் இருந்தன.

பதிவு செய்யப்படும் சோகநாடகம் சபையின் இழப்பை எப்படி ஈடுசெய்யலாம் என்பதற்கு வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முகமூடியைக் கைவிட்டு முகத்தை நம்புவது. 2014இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் கேரி கிராக்னெல் இயக்க, யூரிப்பிடீஸின் 'மெடியா' நாடகத்துக்குப் பென் பவர் எழுதிய வடிவத்தில், தன்னைக் கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்கப் பிள்ளைகளைக் கொல்லும் மெடியாவாக ஹெலன் மெக்ரோரி நடித்தார். அரங்கில் மக்கள் நிறைந்திருக்கும்போதே கேமராக்கள் பதிவுசெய்து திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்பின. மேடையில் தூரத்தில் நின்ற பெண்ணின் தாடை இறுகுவதைத் திரையரங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அதோடு அரங்கில் இருந்தவர்களின் சலசலப்பும் மூச்சடங்கலும் அவர்களுக்குக் கேட்டன. இது சிறிய விஷயமல்ல. 'உனக்காகவும் பிள்ளைகளுக்காகவும்தான் இளவரசியை மணக்கிறேன்' என்று ஜேசன் காரணம் சொல்லும் இடத்தில், இந்த நாடகத்தை எங்கே போட்டாலும் ஒரு கசந்த சிரிப்பு எழும். அது சோகத்தைக் குலைக்கும் சிரிப்பல்ல. மெடியாவின் பக்கம் நம்மை இழுத்துக்கொள்ளும் சிரிப்பு. அப்படி அவள் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான், அவள் பிள்ளைகளைக் கொல்லும்போது நாமும் உடந்தையாகிவிட்டோமோ என்ற நடுக்கம் வருகிறது. கூட நாலு பேர் சிரிக்காவிட்டால் இந்தப் பொறி வேலை செய்யாது.

அந்தத் தயாரிப்பின் முடிவைப் பற்றியும் கருத்துகள் பிரிந்தன. யூரிப்பிடீஸ் மெடியாவைச் சூரியனின் தேரில் ஏற்றி, கணவனின் கைக்கு எட்டாத உயரத்தில் வெற்றியோடு அனுப்புகிறார். இங்கே தேர் இல்லை. தூக்கப்பைகளில் பொதிந்த இரு பிள்ளைகளின் உடல்களையும் சுமந்துகொண்டு, அந்தப் பாரத்தில் தடுமாறியபடி அவள் காட்டுக்குள் நடக்கிறாள். நெருக்கத்தில் பார்க்கும் கேமராவுக்கு இது மிகப் பொருத்தமான முடிவு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் மூலத்தின் அச்சம் இதில் குறைந்துவிட்டது என்பது என் வருத்தம். தண்டனை பெறாமல் மேலே போகும் ஒரு தாயைப் பார்த்துத்தான் கி.மு. 431இல் ஏதென்ஸ் திகைத்திருக்கும். போட்டியில் மூன்று கவிஞர்களுள் யூரிப்பிடீஸுக்கு அந்த முறை கடைசி இடமே கிடைத்தது.

இரண்டாவது வழி, சபையையே மேடைக்குக் கொண்டுவருவது. சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் கொலோனஸில்' நாடகத்தை லீ ப்ரூயரும் பாப் டெல்சனும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பெந்தெகொஸ்தே ஆராதனையாக மாற்றி 'தி காஸ்பல் அட் கொலோனஸ்' என்ற பெயரில் 1983இல் நியூயார்க்கில் மேடையேற்றினார்கள். 1985இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நிகழ்வு பதிவாகி அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. போதகராக வந்து கதையைப் பிரசங்கமாகச் சொல்பவர் மார்கன் ஃப்ரீமன். குருடனாகிவிட்ட ஈடிபஸாகப் பாடுபவர்கள் கிளாரன்ஸ் ஃபவுன்டனும் அலபாமாவின் பார்வையற்ற பாடகர் குழுவினரும். கோரஸ் இங்கே தேவாலயத்துப் பாடகர் குழு. போதகர் ஒரு வரி சொன்னால் அவர்கள் குரல் கொடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், எழுந்து நிற்கிறார்கள். தனியறையில் பார்ப்பவருக்கும் எப்போது இரங்குவது, எப்போது ஆர்ப்பரிப்பது என்பதைத் திரையில் உள்ள சபையே கற்றுக்கொடுத்துவிடுகிறது. கத்ரி திருப்பலியைப் பற்றிப் பேசியதை, உயிருள்ள ஒரு வழிபாட்டு மரபின் துணையோடு இவர்கள் நிறைவேற்றினார்கள் என்று சொல்லலாம்.

கண்கலங்கிய இரண்டு மாணவிகள் எதைக் கண்டு கலங்கினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் கடைசிக் காட்சியின் எழுத்தை வைத்து என்னால் ஊகிக்க முடிகிறது. தன்னை நாடுகடத்தும்படி கேட்கும் ஈடிபஸ், ஆண்பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று ஜொகாஸ்டாவின் சகோதரன் கிரியோனிடம் சொல்கிறான். பிறகு, தன் மேசையில் தன்னோடு உண்டு வளர்ந்த இரு பெண்குழந்தைகளையும் ஒருமுறை தொட்டுப்பார்க்க விடு என்று கெஞ்சுகிறான். பேச்சில்லாத இரண்டு சிறுமிகள் வருகிறார்கள். அவர்களுடைய விசும்பல் அவன் காதில் விழுகிறது. உங்கள் சகோதரனுடைய இந்தக் கைகளுக்கு வாருங்கள் என்று அழைத்துக் கைகளால் தேடுகிறான். உங்களை யார் மணப்பார்கள் என்று புலம்புகிறான். கோவலன் காற்சிலம்போடு மதுரைக்குள் நுழையும்போது கதை தெரிந்த நமக்கு ஏற்படும் பதைப்பு இங்கும் உண்டு. அந்தச் சிறுமிகளில் ஒருத்தி, பின்னாளில் சகோதரனை அடக்கம் செய்ததற்காக உயிரிழக்கப்போகும் ஆண்டிகனி என்பது ஏதென்ஸில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் காட்சிக்கு வரும்போது முகம் அசையாதது யாருக்கும் உறுத்துவதில்லை. கண்ணிழந்தவனுக்குக் கைதான் முகம் என்று ஆகிவிட்டபின், நம் பார்வை முகமூடியை விட்டு விரல்களுக்குப் போய்விடுகிறது. தொடக்கத்தில் சிரிப்பை வரவழைத்த அதே பொருள் முடிவில் இப்படி ஒத்துழைப்பதை நான் மாணவர்களோடு பார்த்த ஒவ்வொரு திரையிடலிலும் கவனித்திருக்கிறேன். எழுந்து போனவர்கள் இழந்தது இதைத்தான்.

அடுத்த முறை திரையிடும்போது சிலவற்றை மாற்றிப் பாருங்கள். மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ தனித்தனியாகப் பார்க்கச் சொல்லாதீர்கள். இருப்பதிலேயே பெரிய திரையில், நாற்காலிகளைச் சற்றுப் பின்னால் தள்ளி, நெருக்கி அமரவைத்துக் காட்டுங்கள். கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யார் கொலைகாரன் என்ற மர்மத்துக்காக இதைப் பார்ப்பவர் ஏமாறுவார். தெரிந்த முடிவை நோக்கி ஒருவன் தன் அறிவாலேயே நடந்துபோவதைப் பார்க்கத்தான் அந்த மக்கள் கூடினார்கள். முகமூடி தோன்றும்போது சிரிப்பு வந்தால் வரட்டும், படத்தை நிறுத்தி விளக்கவுரை தராதீர்கள். கோரஸின் முதல் பாடலுக்குள் அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். தூதன் உரை தொடங்கும்போது வசன வரிகள் ஓடினால் கண் அவற்றிலேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே அந்தப் பகுதியின் தமிழ் வடிவம் ஒன்றை முன்பே வாசித்துக்காட்டிவிட்டு, படத்தில் அந்த இடம் வரும்போது வரிகளை அணைத்துவிடலாம். அதற்கடுத்த வாரம் 'தி காஸ்பல் அட் கொலோனஸ்' பதிவைக் காட்டுங்கள். கதை ஈடிபஸின் முதுமைக்கு நகர்ந்திருக்கும், ஆண்டிகனி வளர்ந்திருப்பாள், பார்வையாளர்களின் இடத்தில் ஒரு சபை அமர்ந்திருக்கும். இரண்டையும் பார்த்தபின் முதல் வாரம் சிரித்தவர்களையே முதலில் பேசச் சொல்லுங்கள். முகமூடிக்கும் கேமராவுக்கும் உள்ள முரண்பாட்டை முதலில் உணர்ந்தவர்கள் அவர்கள்தான்.